படி இறங்கும்போது வலிக்கும் முட்டி: ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 21, ஊர் காட்பாடிப் பக்கம். காவலர் தேர்வின் 1500 மீட்டருக்காக ஆறு வாரமாக ஓடுகிறார். அதற்கு முன் ஓட்டப் பழக்கம் கிடையாது. வாரத்தில் ஆறு நாள், தினமும் 5 கிலோமீட்டர். ஞாயிறு ஆனால் நண்பர்களோடு சோளிங்கர் மலைப் படி ஏறி இறங்குகிறார். மூன்று வாரமாக வலது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. படி இறங்கும்போதும், பஸ்ஸில் ரொம்ப நேரம் உட்கார்ந்து எழும்போதும் அதிகம். அடி படவில்லை, வீக்கம் இல்லை. தேர்வுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. ஜவ்வு கிழிந்திருக்குமா, ஸ்கேன் எடுக்கணுமா, ஓடுவதை நிறுத்தணுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருக்கும் பயம் ஒன்றுதான்: தொடர்ந்து ஓடினால் முட்டி நிரந்தரமாகக் கெட்டுவிடுமோ, நிறுத்தினால் வேலை கைநழுவுமோ என்பது. இரண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை உள்ள வேலூர் மாவட்டம் இது. ஒவ்வொரு வருடமும் தேர்வு நெருங்கும்போது இதே வலியோடு எத்தனையோ பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் சொன்னதை வைத்து என்ன தெரிகிறது என்று பார்ப்போம். அடி படாமல், வீங்காமல், மெல்ல மெல்லக் கூடி, படி இறங்கினால், குந்தினால், மடக்கி உட்கார்ந்து எழுந்தால் முன்பக்கம் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் அது முட்டிச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் வருகிற வலி. ஓடுபவர்களுக்கு வரும் முட்டி வலியில் மிகச் சாதாரணமானது இதுதான். முட்டியை மடக்கும்போது சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் அழுந்தி நகர்கிறது. மடக்கிய காலில் உடல் எடையைத் தாங்கினால் அந்த அழுத்தம் பல மடங்கு ஏறும். 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 2,300 முறை தரையில் விழுகிறது. வாரத்துக்கு 30 கிலோமீட்டர் என்றால் சுமார் 14,000 முறை. அதன் மேல் சோளிங்கரின் 1305 படிகளையும் இறங்குகிறீர்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு மடங்கிய முட்டி முழு எடையையும் பிடித்து நிறுத்தி மெதுவாகக் கீழே விடுகிறது. நெஞ்சும் மூச்சும் மூன்று நாலு வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும். உங்கள் மூச்சு தயாரான வேகத்தில் முட்டி தயாராகவில்லை. நடந்தது அவ்வளவுதான். எதுவும் கிழிந்ததற்கான அடையாளம் நீங்கள் எழுதியதில் இல்லை. ஆனால் எழுத்தைப் படித்து ஓரளவுதான் சொல்ல முடியும். உறுதியாகச் சொல்ல முட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதில் பாதியை நீங்களே செய்யலாம்.

நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டுங்கள். சில்லைச் சுற்றி உள்ளங்கையால் தடவி "இங்கெல்லாம்" என்று காட்டத் தோன்றினால், மேலே சொன்ன சில்லு வலிதான். இதில் ஒற்றைப் புள்ளியைக் காட்ட முடியாமல் போவதே ஒரு அடையாளம். விரல் சில்லின் கீழ்முனையில் போய்க் குத்தி நின்றால் கதை வேறு. காலை நீட்டித் தொடையைத் தளர்த்திவிட்டு அந்த முனையை அழுத்துங்கள். சுருக்கென்று வலித்தால், சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாண் மீது சந்தேகம் வரும். இந்த வலி ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், உடம்பு சூடானதும் அடங்கும், மறுநாள் காலையில் மீண்டும் பிடிக்கும். குதிப்பவர்களுக்கு அதிகம் வரும். காவலர் தேர்வில் நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதலும் இருப்பதால், ஓட்டமும் தாண்டுதலும் ஒரே நாளில் பழகுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விரல் முட்டியின் வெளிப்பக்கம், மூட்டுக் கோட்டுக்கு (தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடம்) இரண்டு விரல்கடை மேலே இருக்கும் எலும்பு மேட்டில் நின்றால் அது ஐ.டி. பேண்ட் வலி. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் தடித்த பட்டையின் கீழ்ப்பகுதி அது. இதன் குணம் விசித்திரமானது. முதல் இரண்டு கிலோமீட்டர் ஒன்றும் தெரியாது. பிறகு ஏறக்குறைய அதே தூரத்தில் வந்து, ஓடவே விடாமல் நிறுத்திவிடும். நடந்தால் போய்விடும். முட்டி சுமார் 30 டிகிரி மடங்கும் நிலையில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. மெதுவாக ஓடும்போதும் இறக்கத்தில் ஓடும்போதும் கால் தரையைத் தொடுகிற கோணம் கிட்டத்தட்ட அதுதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஓடியே இறங்கிவிட்டு வருகிறவர்களிடம் இது அதிகம். பட்டை எலும்பில் முன்னும் பின்னும் உரசுவதால் வலி என்று முன்பு சொன்னார்கள். பட்டைக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு நசுங்குவதால் என்பதே இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். அதனால் வலிக்கும் மேட்டின் மேலேயே ஃபோம் ரோலரை (தசையை நீவும் உருளை) போட்டு உருட்டுவதை விட்டுவிடுங்கள். நசுங்கிய இடத்தை இன்னும் நசுக்குவதுதான் நடக்கும்.

உள்பக்கம், மூட்டுக் கோட்டுக்கு மூன்று விரல்கடை கீழே வலித்தால் அங்கே வந்து சேரும் தொடைத் தசைநாண்களின் எரிச்சலாக இருக்கலாம். 12 முதல் 15 வயதுப் பையன்களுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது வளர்ச்சிக் காலத்தில் வருவது, ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் அதே வயதில் முட்டி வலி என்று சொல்லிக்கொண்டு நொண்டுகிற பிள்ளைக்கு இடுப்பு மூட்டை உள்பக்கம் திருப்ப முடியவில்லை என்றால், கோளாறு இடுப்பில் இருக்கலாம். அன்றே காட்டி இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். முட்டியைத் திருகிய சில மணி நேரத்தில் வீங்குவது, மடக்கிய முட்டியை நீட்ட முடியாமல் மாட்டிக்கொள்வது, நடக்கும்போது கால் மடங்கி விட்டுவிடுவது, நாலு அடி ஊன்றி நடக்க முடியாதது, காய்ச்சலோடு முட்டி சிவந்து சுடுவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். எலும்பின் ஒரே இடத்தில் வலித்து, ஓட ஓடக் கூடி, ஒற்றைக் காலில் குதித்தால் சுருக்கென்று குத்தி, ராத்திரியிலும் விழிக்க வைத்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். அதற்கும் ஓட்டத்தைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். தேர்வுக்குப் பழகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: எடையைக் குறைக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்து, மூன்று மாதமாக மாதவிடாயும் வராமல், அதோடு எலும்பு வலியும் இருந்தால், அதை வெறும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

ஸ்கேன் பற்றி. உங்கள் நிலையில் இப்போது எம்.ஆர்.ஐ. தேவையில்லை. இந்த வலியில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். எம்.ஆர்.ஐ.யோ, வலியே இல்லாதவர்களின் முட்டியிலும் சின்னச் சின்ன மாற்றங்களைக் காட்டும். அந்தக் காகிதத்தில் இருக்கும் ஒரு வரியைப் படித்துவிட்டு ஓட்டத்தையே கைவிடுகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன அபாய அறிகுறி இருந்தாலோ, ஒழுங்காக ஆறு முதல் எட்டு வாரம் செய்தும் அசையவில்லை என்றாலோ ஸ்கேனுக்கு அர்த்தம் உண்டு. முட்டியில் நறநறவென்று சத்தம் வருவதும், வலியோ வீக்கமோ அதோடு சேராதவரை பயப்பட வேண்டியதில்லை. தேய்மானப் பயம் உள்ளவர்களுக்கு: பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த கட்டுரையில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். ஓட்டம்தான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. முட்டி நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்றும் வாதாடலாம். அளவாக ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்பது வரை சொல்லலாம்.

இனி முக்கியமான கேள்வி. முழுசாக நிறுத்தாதீர்கள், குறையுங்கள். இரண்டு வாரம் படுத்துக் கிடந்தால் வலி போகும். தொடையும் அதோடு மெலியும். திரும்பப் பழைய 5 கிலோமீட்டருக்குப் போன மூன்றாம் நாள் வலி அங்கேயே நிற்கும். 2018-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில் இந்தச் சில்லு வலி உள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று பிரிவாகப் பிரித்து எட்டு வாரம் பார்த்தார்கள். எவ்வளவு ஓடலாம், எப்போது குறைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது மட்டுமே ஒரு பிரிவுக்கு. மற்ற இரண்டில் ஒன்றுக்கு அதோடு உடற்பயிற்சியும், இன்னொன்றுக்கு ஓடும் முறை மாற்றமும் கூடுதல். மூன்று பிரிவும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறின. சுமையைச் சரியாகக் கையாளுவதுதான் இந்த வைத்தியத்தின் முதுகெலும்பு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அளவுகோல் இதுதான். வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடுங்கள். ஓடும்போது 3-ஐத் தாண்டக் கூடாது. ஓடி முடித்து 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். ஓடும்போதான வலியைவிட மறுநாள் காலை முதல் பத்து படி இறங்கும்போது எப்படி இருக்கிறது என்பதை நம்புங்கள். அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூடியிருந்தால் நேற்று செய்தது அதிகம், அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். அப்படியே இருந்தால் அதே அளவு. குறைந்திருந்தால் கொஞ்சம் கூட்டலாம். நொண்டி நொண்டி ஓடுவது மட்டும் எந்த எண்ணிலும் கூடாது.

பத்து வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு வாரம் மலைப் படியும் இறக்கமும் கிடையாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சமதரையில் ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. மூன்று, நாலாம் வாரம் மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, ஐந்து முறை. ஐந்து, ஆறாம் வாரம் நிற்காமல் 15 முதல் 20 நிமிடம். அதில் வாரம் ஒரு நாள் மட்டும் வேகம். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்றால் 400 மீட்டர் சுற்று ஒவ்வொன்றும் 1 நிமிடம் 52 விநாடி, 200 மீட்டர் 56 விநாடி. ஆகவே அந்த வேக நாளில் 200 மீட்டரை 55, 56 விநாடியில் ஆறு முறை ஓடுங்கள், நடுவில் 200 மீட்டர் நடை. ஏழாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரம் வரை 400 மீட்டரை 1 நிமிடம் 50 விநாடியில் நாலு முறை. இந்தத் தேர்வுக்கு வாரம் 15 முதல் 18 கிலோமீட்டர் போதும். 30 கிலோமீட்டர் உங்களுக்குத் தேவையே இல்லாத சுமை. ஓடாத நாளில் மூச்சைக் காப்பாற்ற சைக்கிள் மிதிக்கலாம். ஆனால் சீட்டை உயர்த்துங்கள். பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். தாழ்ந்த சீட்டில் மிதித்தால் சில்லு படி ஏறுவதைப் போலவே அழுந்தும்.

ஓடும் முறையில் ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும்: அடியைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது. மெல்லோட்டத்தில் 30 விநாடிக்கு வலது கால் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 39 வந்தால் நிமிடத்துக்கு 156. அதை 5 முதல் 7 சதவீதம் கூட்டினால் 164 முதல் 167. செல்போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை அந்த எண்ணில் வைத்து, வேகத்தைக் கூட்டாமல் அந்தத் தாளத்துக்குக் காலை வையுங்கள். பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழாது, முட்டி மடங்கும் அளவு குறையும், சில்லின் மேல் அழுத்தமும் குறையும். இது ஆய்வகத்தில் அளந்து பார்க்கப்பட்டது. எல்லோரும் 180 வைக்க வேண்டும் என்று சொல்வதை நம்ப வேண்டாம்; உயரம், வேகம் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். முன்பாதத்தில் ஓடப் பழகுவதையும் இப்போது தொடாதீர்கள். முட்டிச் சுமை கெண்டைக்காலுக்கு மாறும், தேர்வுக்கு முன் அங்கே ஒரு புது வலி வரும்.

தொடைக்கும் இடுப்புக்கும் வாரம் மூன்று நாள் பயிற்சி வேண்டும். கனடா ஆய்வு உடற்பயிற்சியால் கூடுதல் லாபம் காட்டவில்லையே என்று கேட்கலாம். அது எட்டு வாரத்துக் கணக்கு. மற்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்த வலிக்குத் தொடையையும் இடுப்பையும் சேர்த்துப் பலப்படுத்துவதற்குத்தான் வலுவான ஆதரவு இருக்கிறது. சுவரில் முதுகைச் சாய்த்து, பாதத்தை ஒன்றரை இரண்டு அடி முன்னால் வைத்து, முட்டி பாதி மடங்கும் வரை இறங்கி 30 முதல் 45 விநாடி நில்லுங்கள், ஐந்து முறை. சில்லின் கீழ்முனை வலிக்கும் தசைநாண் காரர்களுக்கும் இதிலிருந்துதான் தொடக்கம். பிறகு பக்கவாட்டில் படுத்து, முதுகும் குதிகாலும் சுவரைத் தொட, மேல் காலைச் சுவரோடு உரசியபடியே தூக்கி இறக்குங்கள், 12 முறை வீதம் மூன்று சுற்று. சுவர் இல்லாவிட்டால் கால் தெரியாமலே முன்னால் வந்துவிடும், இடுப்பின் வெளிப்பக்கத் தசைக்கு வேலை போகாது.

மூன்றாவது, படி இறங்கும் பயிற்சி. இதைத்தான் பெரும்பாலோர் தப்பாகச் செய்கிறார்கள். 15 சென்டிமீட்டர் உயரப் படியில் வலி உள்ள காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையை லேசாகத் தொடும் வரை மூன்று விநாடி எடுத்து இறங்கி, எழ வேண்டும். செல்போனை எதிரே வைத்து வீடியோ எடுங்கள். முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்ந்தாலோ, இடுப்பின் ஒரு பக்கம் தாழ்ந்தாலோ உயரம் அதிகம். இரண்டு செங்கல்லுக்குப் பதில் ஒன்று போதும். 10 முறை வீதம் மூன்று சுற்று சுலபமானதும், தோள்பையில் 5 கிலோ அரிசி வைத்துச் செய்யுங்கள். சுமை ஏறாமல் மாதக்கணக்கில் அதையே திரும்பச் செய்தால் தசை வளராது. இந்தப் பயிற்சிகளுக்கும் அதே 3 மதிப்பெண், 24 மணி நேர விதிதான். ஓட்டத்தைக் குறைத்ததற்கான பலன் இரண்டு வாரத்தில் தெரியலாம். தசையின் பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். அதற்குள் பயன் இல்லை என்று விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. வலி இரண்டு மாதத்தைத் தாண்டியவர்களுக்குத் தேறுவது தாமதமாகிறது என்பதும் தெரிந்த விஷயம். நீங்கள் மூன்றே வாரத்தில் கேட்டிருப்பது நல்லது.

சந்தேகத்துக்கு இடமானவை பல. சில்லை இழுத்து ஒட்டும் டேப் சில வாரத்துக்கு வலியைக் குறைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஷூவுக்குள் வைக்கும் பாத மெத்தையும் அப்படியே. முட்டி உறை தெம்பு தரும், மருந்து அல்ல. எந்த ஷூ முட்டியைக் காக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அடிப்பாகம் ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்துவிட்டால் மாற்றுங்கள், போட்டதும் வசதியாக இருப்பதை வாங்குங்கள். தார் ரோடா, மண் தரையா என்பதிலும் தீர்ப்பு இல்லை. திடீரென்று தரையை மாற்றுவதுதான் தொந்தரவு. பாலாற்று மணல் மெத்தென்று இருப்பதால் முட்டிக்கு நல்லது என்று அங்கே போகிறார்கள். அந்த உதிரி மணலில் கால் புதைந்து திருகும், கெண்டைக்கால் இரட்டிப்பாக உழைக்கும். வலி உள்ளபோது இறுகிய மண் மைதானமே மேல். நேதாஜி மைதானம் போன்ற இடங்களில் தினமும் ஒரே திசையில் சுற்றுகிறவர்கள், கூட்டம் இல்லாத நேரத்து மெல்லோட்டத்தில் பாதியை எதிர்த்திசையில் ஓடிப் பார்க்கலாம், கெடுதல் இல்லை. வாரத்துக்கு 10 சதவீதம்தான் கூட்ட வேண்டும் என்ற விதிக்கும் பலமான ஆதாரம் கிடையாது. உங்கள் முட்டி மறுநாள் சொல்வது அதைவிட நம்பகமானது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை மாத்திரைகள் எச்சரிக்கை மணியை மூடிவிடும். அதைவிட, வேலூர் வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தேர்வு அன்று காலை "ஒரு ஊசி போட்டுக்கிட்டுப் போ" என்று சொல்பவர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள். தசைநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது அதைப் பலவீனமாக்கும். பத்து நிமிடம் துணியில் சுற்றிய ஐஸ் வலியை அடக்கும், அவ்வளவே. தைலம் தேய்த்துக்கொள்ளலாம், வலிக்கும் புள்ளியை அழுத்தி நீவ வேண்டாம். முறிவே இல்லாத முட்டியை நாட்டுக் கட்டுப் போட்டு மூன்று வாரம் அசைக்காமல் வைப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். கட்டைப் பிரிக்கும்போது தொடை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இளைத்திருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவருவதிலேயே உங்கள் பத்து வாரமும் போய்விடும்.

காலையில் படி இறங்கும்போது எழுதும் வலி எண் நாலு வாரத்தில் குறையவே இல்லை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ சி.எம்.சி.யிலோ எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்கு எழுதி வாங்குங்கள். போகும்போது அந்த நோட்டையும், தேய்ந்த ஷூவையும், படி இறங்கும் வீடியோவையும் எடுத்துப் போங்கள். பார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கடைசி பத்து நாளில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். படிப் பயிற்சியைத் தேர்வுக்கு ஐந்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். ஓட்டத்தைப் பாதியாக்கி, வேகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 200 மீட்டர் மூன்று முறை, இரண்டு நாளுக்கு ஒரு தடவை. புது ஷூ வாங்குவதாக இருந்தால், பத்து வாரம் இருக்கும் இப்போதே வாங்கிப் பழக்குங்கள். தேர்வு அன்று காத்திருக்கும் நேரத்தில் குந்தியோ சம்மணம் போட்டோ உட்காராமல் எழுந்து நடந்துகொண்டே இருங்கள். முதல் சுற்றை 1 நிமிடம் 50 விநாடிக்குக் குறையாமல் ஓடுங்கள். கூட்டத்தோடு பாய்ந்து 1 நிமிடம் 30-ல் முடித்தவர்கள் மூன்றாவது சுற்றில் அடி நீண்டு, முட்டியை ஊன்றி ஊன்றித்தான் ஓட வேண்டி வரும்.